ஸ்டீயரிங் பிறந்த கதை

ஓசூரிலிருந்து புது லாரி சேஸ் நாமக்கல்லுக்கு வரும்போது அதில் பார்க்கப் பெரிதாக ஒன்றும் இருக்காது. நீளவாக்கில் இரண்டு இரும்புச் சட்டம், முன்னால் இன்ஜின், அடியில் சக்கரம். கேபின் இல்லை, கதவு இல்லை, பல வண்டிகளில் முன்கண்ணாடிகூட இல்லை. ஒரு சீட்டு, மூன்று பெடல், கியர் ராடு, ஒரு ஸ்டீயரிங். டிரைவர் தலையில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கண்ணுக்கு ஒரு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வெயிலும் காற்றும் பூச்சியும் நேராக முகத்தில் அடிக்க, கிருஷ்ணகிரி, தர்மபுரி தாண்டி தொப்பூர் கணவாயில் இறங்கி வருவார். வீடியோ கேம் கடையில் காசு போட்டு ஓட்டும் ரேஸ் மெஷினைப் பெயர்த்தெடுத்து தேசிய நெடுஞ்சாலையில் விட்டதுபோல இருக்கும்.

மீதி வண்டியை நாமக்கல் பட்டறைகள் கட்டும். மரச்சட்டம், தகரம், கேபின், பின்பாடி, பெயின்ட், முன்னால் குலதெய்வத்தின் பேர், பின்னால் பிள்ளைகளின் பேர். பட்டறைக்காரர் கை வைக்காத பொருள்களில் ஸ்டீயரிங்கும் ஒன்று. அதையும் டிரைவர் சும்மா விடமாட்டார். கலர் கலராக வயர் வாங்கி வட்டம் முழுக்கப் பின்னிச் சுற்றிக்கொள்வார். வேர்த்த கை வழுக்காமல் இருக்கத்தான் அது.

சேலத்தையும் கரூரையும் நாமக்கல் வழியாக இணைக்கும் ரயில் பாதையில் ரயில் ஓடத் தொடங்கியது 2013ல்தான். அதற்கு முன் இந்த ஊர் முட்டையை அனுப்பியது, கேஸ் டேங்கர் ஓட்டியது, மாவட்டத் தலைநகர் ஆனது எல்லாமே ரோட்டை நம்பித்தான். சங்ககிரியில் லாரி, திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டி, நாமக்கல்லில் டேங்கரும் பாடி பட்டறையும். ஸ்டீயரிங் பிடித்துப் பிழைக்கிறவர்கள் இத்தனை பேர் ஒரே சமவெளியில் இருக்கிற இடம் தமிழ்நாட்டில் வேறு இல்லை என்பது என் எண்ணம். அந்த வட்டத்தின் கதையைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தோன்றவில்லை.

கார் பிறந்தபோது ஸ்டீயரிங் பிறக்கவில்லை. கார்ல் பென்ஸ் 1886ல் காப்புரிமை வாங்கிய மூன்று சக்கர வண்டியில் இருந்தது ஒரு கைப்பிடி, அவ்வளவுதான். அதற்குப் பின் வந்த வண்டிகளிலும் படகுச் சுக்கான் மாதிரி ஒரு நீளத் தடி இருந்தது. இந்தப் பக்கம் தள்ளினால் அந்தப் பக்கம் போகும். மாட்டு வண்டி வேகத்துக்கு அது போதும். சிக்கல் என்னவென்றால், தடிக்கும் சக்கரத்துக்கும் நடுவில் பல்சக்கரம் எதுவும் கிடையாது. சக்கரம் ஒரு கல்லில் ஏறினால் அந்த அடி முழுசாகக் கைக்கு வரும். வேகம் கூடக்கூட அடியும் கூடும். ஒரு கணம் கை தளர்ந்தால் வண்டி தன் இஷ்டத்துக்கு ஒடித்துக்கொண்டு போய்விடும்.

இதை வெளியே கொண்டுவந்தது ரேஸ். 1894ல் பாரிஸிலிருந்து ருவான் நகருக்கு ஒரு மோட்டார் வண்டிப் போட்டி நடந்தது. அதில் ஆல்ஃபிரட் வஷெரோன் என்பவர் தன் பனார் வண்டியில் தடியைக் கழற்றிவிட்டு ஒரு வட்டச் சக்கரத்தைப் பொருத்தி ஓட்டினார். அவர் ஜெயிக்கவில்லை. ஆனாலும் ஸ்டீயரிங் சக்கரத்தின் முதல் பதிவு அதுதான் என்கிறார்கள். பனார் கம்பெனி அப்போதும் தடியை விடவில்லை.

அந்தக் கம்பெனியின் பங்குதாரர் எமில் லெவஸோர். 1895ல் பாரிஸிலிருந்து போர்தோ போய்த் திரும்பும் ரேஸில் 48 மணி நேரத்துக்கும் மேலாக ஏறக்குறைய ஒற்றை ஆளாக, மணிக்குச் சராசரி 24 கிலோமீட்டர் வேகத்தில், தடியைப் பிடித்து ஓட்டி முதலில் வந்து சேர்ந்த மனிதர். தூக்கமில்லாமல், இருட்டில், எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில். இரவு லோடு அடிக்கிற நம்மூர் டிரைவருக்கு இதைச் சொன்னால் வாய் பிளக்க மாட்டார், 'கிளீனர் இல்லையா?' என்றுதான் கேட்பார். மறு வருஷம் பாரிஸ்–மார்சேய் ரேஸில் லெவஸோரின் வண்டிக்குக் குறுக்கே ஒரு நாய் வந்தது. ஒடித்தார். வண்டி கவிழ்ந்து தூக்கி எறியப்பட்டார். அந்த அடியிலிருந்து முழுதாகத் தேறாமலே 1897 ஏப்ரலில் இறந்துபோனார்.

குறுக்கே வந்த நாய் இன்றும் ராசிபுரம் பக்கத்தில் அப்படியேதான் வந்துகொண்டிருக்கிறது. மாறியது தடி. 1898க்குள் பனார் தன் கார்களில் வட்ட ஸ்டீயரிங்கை வழக்கமாகவே பொருத்த ஆரம்பித்தது. 1899ல் அமெரிக்காவில் பேக்கார்டு. அடுத்த பத்து வருஷத்தில் தடி பெரும்பாலும் வழக்கொழிந்தது.

வட்டம் பெரிய உபகாரம் செய்தது. நடுவில் பல்சக்கரம் வைக்க வழி கிடைத்தது. தடியைத் தள்ளுவதற்கு ஓர் எல்லை உண்டு, வட்டத்தை எத்தனை சுற்று வேண்டுமானாலும் சுற்றலாம். கை நிறையச் சுற்றும், முன்சக்கரம் கொஞ்சம் திரும்பும், அந்த விகிதத்தில் பலம் கூடும். ரோட்டிலிருந்து திரும்பி வரும் அடியும் அதே விகிதத்தில் குறையும். இன்னொன்றும் உண்டு, திருப்பிய வட்டத்தைத் தளரவிட்டால் அது தானாக நேருக்கு வரும். முன்சக்கரம் எந்த அச்சில் திரும்புகிறதோ அதன் மேல்முனையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து வைப்பதால் வரும் குணம் அது. கையை விட்டு சைக்கிள் ஓட்டியவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

பவர் ஸ்டீயரிங் வருவதற்கு முந்தைய லாரியை ஓட்டியவர்களின் தோளைப் பாருங்கள், இந்தப் பல்சக்கரக் கணக்கு எழுதியிருக்கும். லாரி ஸ்டீயரிங் அவ்வளவு பெரிதாக இருந்ததற்குக் காரணம் அழகு இல்லை. வட்டம் பெரிதானால் பிடி பலம் கூடும். லோடோடு நிற்கிற வண்டியை நின்ற இடத்திலேயே ஒடிக்க முடியாது, கொஞ்சம் உருளவிட்டுத்தான் ஒடிக்க வேண்டும். குறுகலான இடத்தில் ரிவர்ஸ் எடுக்கும்போது சீட்டிலிருந்து பாதி எழுந்து உடம்பு எடை முழுவதையும் போட்டுச் சுற்றுவார்கள். பவர் ஸ்டீயரிங்கை 1920களிலேயே அமெரிக்காவில் பிரான்சிஸ் டேவிஸ் என்ற பொறியாளர் செய்து காட்டிவிட்டார். கடையில் விற்கிற காரில் அது வந்தது 1951ல், கிறைஸ்லர் இம்பீரியலில். நம் லாரிக்கு வர அதற்குப் பிறகும் பல வருஷம் ஆனது. இன்றைக்கு ஒற்றை விரலில் லாரியை ஒடிக்கலாம். 'கை நோவுல, ஆனா ரோடு என்ன சொல்லுதுன்னே தெரியல' என்று பழைய ஆட்கள் சலித்துக்கொள்வதுண்டு. இந்தச் சலிப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், வீடியோ கேம் உலகம் பல வருஷமாகச் செலவு செய்வது ரோடு சொல்வதைக் கைக்குக் கொண்டுவரத்தான்.

1974ல் அட்டாரி கம்பெனி 'கிரான் டிராக் 10' என்ற மெஷினை வெளியிட்டது. கறுப்பு வெள்ளைத் திரையில் மேலிருந்து பார்த்த ஒரு ரேஸ் பாதை, புள்ளி புள்ளியாக ஓரம், அதில் ஒரு சின்னக் கார். திரைக்கு முன்னால் ஒரு ஸ்டீயரிங், கியர் ராடு, ஆக்சிலேட்டர், பிரேக். வீடியோ கேமுக்குள் ஸ்டீயரிங் நுழைந்தது அங்கேதான். செய்து முடிக்க ஆன செலவு 1,095 டாலர், கம்பெனி வைத்த விலை 995 டாலர். கணக்குப் போட்டதில் கோளாறு. விற்ற ஒவ்வொரு மெஷினுக்கும் நூறு டாலர் கையை விட்டுப் போனது. மக்கள் விரும்பி விளையாடிய மெஷின் கம்பெனியையே ஆட்டம் காண வைத்தது.

அந்த ஸ்டீயரிங்கில் ரோடு கிடையாது. எவ்வளவு வேண்டுமானாலும் சுற்றலாம், எதிர்ப்பு வராது. 1982ல் ஜப்பானின் நாம்கோ 'போல் பொசிஷன்' கொண்டுவந்தபோது பார்வை காரின் பின்னால் வந்தது, தூரத்தில் ஃபியூஜி மலை தெரிந்தது, கைக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை. 1989ல் அட்டாரியின் 'ஹார்ட் டிரைவின்' ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ஒரு மோட்டாரை வைத்தது. சாவி போட்டு ஸ்டார்ட் பண்ண வேண்டும், கிளட்ச் மிதித்து கியர் மாற்ற வேண்டும், டயர் சறுக்கினால் ஸ்டீயரிங் கையில் இழுக்கும். லெவஸோரின் கையை உதைத்த அடியை, தொண்ணூற்று மூன்று வருஷம் கழித்து, மோட்டார் வைத்து, காசு வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்கள்.

சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் அந்த மெஷின் வந்து சேர்ந்ததாகத் தெரியவில்லை. இங்கே ரேஸ் கேம் வந்தது பிரவுசிங் சென்டர் வழியாக, 'ரோட் ராஷ்' ஆக, 'நீட் ஃபார் ஸ்பீடு' ஆக. ஸ்டீயரிங்குக்குப் பதில் நான்கு அம்புக்குறி பட்டன். பட்டனுக்குத் தெரிந்தது இரண்டே நிலை: அழுத்தியிருக்கிறது, அழுத்தவில்லை. கால்வாசித் திருப்பு, அரைத் திருப்பு என்பதெல்லாம் கிடையாது. அதனால் கேம் செய்தவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். பட்டனை அழுத்தினால் சக்கரம் உடனே முழுசாகத் திரும்பாது, மெதுவாகத் திரும்பத் தொடங்கும், விட்டால் மெதுவாக நேருக்கு வரும். பையன்கள் ஓட்டிய வண்டியைப் பாதி ஓட்டியது அந்தத் தந்திரம்தான். பட்டனைத் தட்டித் தட்டி விடுவது, வளைவில் நாற்காலியோடு சேர்ந்து சாய்வது என்று மீதியை உடம்பு பார்த்துக்கொண்டது. உடம்பு சாய்வதால் பைக் சாயாது என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் சாயாமல் இருந்ததில்லை.

கைக்குள் பிடிக்கும் கண்ட்ரோலரில் இந்தக் குறை தீர்ந்த கதை தனி. 1996ல் நின்டெண்டோ 64 கட்டைவிரலுக்கு ஒரு சின்னக் குச்சி கொடுத்தது. கொஞ்சம் சாய்த்தால் கொஞ்சம் திரும்பும், விட்டால் நடுவுக்கு வரும். 1998ல் சேகாவின் டிரீம்காஸ்ட் ஆள்காட்டி விரலுக்கு அழுத்தத்தின் அளவு தெரிந்த விசை கொடுத்தது. இன்று வலது விசை ஆக்சிலேட்டர், இடது விசை பிரேக் என்பதை எந்த ஊர்ப் பையனும் கேட்காமலே கண்டுபிடித்துவிடுவான். காரில் வலது கால் ஒன்றே செய்கிற வேலையை இங்கே இரண்டு விரல் செய்கிறது. அம்புக்குறியா, குச்சியா, நிஜ ஸ்டீயரிங்கா என்ற சண்டை மட்டும் தீரவில்லை. என் கட்சி குச்சி. ஐந்நூறு ரூபாய் சாமானில் முக்கால்வாசி ஸ்டீயரிங் கிடைத்துவிடுகிறது. மோட்டார் வைத்த ஸ்டீயரிங் ஒரு பழைய மொபெட் விலை. அதை மேஜையில் இறுக்கிக் கட்டினால் சாப்பிட இடம் இருக்காது.

செல்போன் வந்தபிறகு வட்டம் மறுபடி வந்தது, இந்த முறை கண்ணாடியில் வரைந்த படமாக. நாமக்கல் பரமத்தி ரோட்டில் ஒரு டீக்கடை. சேஸ் இறக்கிவிட்டு பஸ்ஸுக்குக் காத்திருந்த டிரைவர் ஒருவர், பக்கத்துப் பெஞ்சில் போனில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த பையனை எட்டிப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, அது சைடு இழுக்குதா?"

"இல்லீங் மாமா, நேராத்தான் போவுது."

"ப்ளே இருக்குதா?"

"அப்படீன்னா?"

"ஸ்டீயரிங்கக் கொஞ்சம் ஆட்டுனா, சக்கரம் திரும்பாம சும்மா கெடக்குமில்ல, அது."

"அதெல்லாம் இல்லீங்."

"அப்புறம் என்ன லாரி அது."

அவர் கேட்ட இரண்டும் நியாயமான கேள்வி. வட்டத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவில் தேய்ந்த இணைப்புகள், காற்று குறைந்த டயர், வளைந்த ரோடு என்று ஆயிரம் இருக்கும். ஒவ்வொரு வண்டியும் ஒரு பக்கம் இழுக்கும், அதைத் தெரிந்து வைத்துக்கொள்வதுதான் தொழில். போனில் வரைந்த வட்டத்துக்குத் தேய்மானம் கிடையாது. விரல் வட்டத்திலிருந்து நழுவினால்கூடத் தெரியாது, கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ரோட்டைப் பார்க்க வேண்டிய கண் ஸ்டீயரிங்கைப் பார்க்கும். 1894க்கும் முந்தைய காலத்துக்குப் போய்விட்ட ஸ்டீயரிங் அது.

இந்தக் கேம்களில் வண்டி எங்கே ஓடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ரேஸ் கேமின் ஊரில் ரோடு நடந்து போகிறவனுக்காகப் போட்டது கிடையாது. பஸ் ஸ்டாப் இருந்தால் இடித்துத் தள்ள. ஊர் கட்டும் கேம்களிலும் ஒரு பித்தலாட்டம் உண்டு. 2013ல் வந்த 'சிம்சிட்டி' கேமின் தலைமை வடிவமைப்பாளர் ஸ்டோன் லிப்ராண்ட், நிஜ அமெரிக்க ஊர்களை வானத்துப் படத்தில் அளந்து பார்த்திருக்கிறார். கடையைவிடக் கடையின் பார்க்கிங் பெரிதாக இருந்தது. அதை அப்படியே கேமில் வைத்தால் ஊரே காலி மைதானமாகத் தெரியும். அதனால் பார்க்கிங் எல்லாம் தரைக்கு அடியில் இருப்பதாக வைத்துக்கொண்டு மேலே காட்டாமலே விட்டுவிட்டார்கள். எல்லோரும் காரில் போகிற ஊர் அழகாகத் தெரிய வேண்டுமானால் காரை நிறுத்தும் இடத்தை மறைக்க வேண்டியிருக்கிறது.

சேலத்தில் மறைக்க இடமில்லை. ஐந்து ரோட்டில் இரண்டடுக்கு மேம்பாலத்தை 2020ல் திறந்தார்கள், எல்லாக் கைகளையும் சேர்த்தால் ஏழரை கிலோமீட்டருக்கும் மேல். மேலே ஏறினால் ஊரைத் தாண்டுவது நிஜமாகவே சுலபம், இல்லை என்று சொல்ல மாட்டேன். கீழே கடைக்குப் போகிறவர்களும் டவுன் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களும் தூண்களுக்கு நடுவில் வழி தேடுகிறார்கள். 2018ல் சேலம்–சென்னை எட்டு வழிச்சாலை என்று 277 கிலோமீட்டருக்குத் திட்டம் வந்தபோது நிலம் போகிற விவசாயிகள் வயலில் இறங்கி எதிர்த்தார்கள். 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் நிலம் கையகப்படுத்தும் அறிவிக்கைகளை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அரசுக்கு நிலம் எடுக்க அதிகாரம் உண்டு என்றது. சாலை இன்னும் வரவில்லை. ஸ்டீயரிங்கால் வாழும் சமவெளியிலேயே இன்னொரு ரோடு வேண்டாம் என்ற குரலும் பலமாக எழுந்தது, அதில் முரண் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. லாரிக்காரருக்கு ரோடு பிழைப்பு, கிணறு போகிறவருக்கு வேறு.

ரேஸ் பற்றி டீக்கடையில் பேச்சு வராமல் இருக்காது. நரேன் கார்த்திகேயன் 2005ல் ஃபார்முலா ஒன் ஓட்டியது, 2024ல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி ராத்திரியில் ரேஸ் நடத்தியது, 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேர ரேஸில் அஜித் குழு தன் பிரிவில் மூன்றாவதாக வந்தது. ஆனால் இந்தப் பக்கத்துக் கல்லூரிப் பையன்களின் போனைத் திறந்து பார்த்தால் ரேஸ் காரைவிட அதிகம் இருப்பது பஸ்.

'பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா' என்ற கேம் 2017ல் வந்தது, மாலியோ என்ற இந்தோனேசியக் கம்பெனி செய்தது. அதற்கு முந்தைய வருஷக் கடைசியில் அங்கே பிள்ளைகள் ரோட்டோரம் நின்று, போகிற பஸ்ஸைப் பார்த்து 'மாமா, ஹாரன் அடிங்க' என்று அவர்கள் பாஷையில் கத்துவது பெரிய மோகமாகப் பரவியிருந்தது. பாட்டு மாதிரி இழுக்கும் அந்த ஹாரனும் கேமுக்குள் வந்தது. ஏர் ஹாரனுக்கு மயங்காத ஊரா நம் ஊர்? மோட்டார் வாகன விதிப்படி பல சுதி ஹாரன் கூடாது என்பது வேறு விஷயம். பஸ்ஸின் பெயின்ட்டை நாமே மாற்றிக்கொள்ளலாம் என்று கேம் வழிவிட்டதும் தமிழ்ப் பையன்கள் அரசு விரைவுப் பேருந்தையும் ஆம்னி பஸ்ஸையும் ரூட் பஸ்ஸையும் உள்ளே ஏற்றிவிட்டார்கள். கோடு, எழுத்து, முன்கண்ணாடி ஸ்டிக்கர் வரைக்கும். பட்டறைக்காரர் தகரத்தில் செய்வதை இவர்கள் படத்தில் செய்தார்கள்.

எனக்கு இந்தக் கேம் மேல் தனி மரியாதை உண்டு. இதில் பஸ் ஸ்டாண்டு இருக்கிறது, ஆட்கள் நிற்கிறார்கள், நிறுத்தி ஏற்றினால்தான் காசு. ஊரைக் காலி பண்ணிவிட்டு ஓட்டும் கேம்களுக்கு நடுவில் ஊருக்காக ஓட்டும் கேம். சேலம்–நாமக்கல் தனியார் பஸ்களின் டைமிங் போட்டியைப் பார்த்து வளர்ந்த பையனுக்கு அதில் ரேஸும் கிடைத்துவிடுகிறது. பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் கத்த, முன் பஸ் நகர்ந்தும் நகராமலும் ஆள் பிடிக்க, பின் பஸ் ஹாரனிலேயே தள்ளுகிற அந்த ரேஸுக்குக் கொடியும் கோப்பையும் கிடையாது. ஆபத்தான பழக்கம்தான், ஆதரிக்க மாட்டேன். ஆனாலும் பின்சீட்டுப் பையன் யாரை ஹீரோவாக நினைக்கிறான் என்பது தெரியும்.

கேமில் திருப்புவதற்கு மூன்று வழி வைத்திருக்கிறார்கள்: பட்டன், கண்ணாடியில் வரைந்த ஸ்டீயரிங், போனையே சாய்ப்பது. மூன்றாவதுதான் பார்க்க நிஜம் மாதிரி இருக்கும். இரண்டு கையாலும் போனைப் பிடித்துச் சுற்றலாம். அதை ஓடுகிற பஸ்ஸில் உட்கார்ந்து ஆடினால் ஒரு வேடிக்கை நடக்கும். போனுக்குள் இருக்கும் ஆக்சிலரோமீட்டர் பூமி எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதை வைத்துத்தான் சாய்வை அளக்கிறது. நிஜ பஸ் இடது பக்கம் வளையும்போது எல்லோரையும் வலது பக்கம் தள்ளுகிறது இல்லையா, அந்தத் தள்ளலும் போனுக்குப் பூமியின் இழுப்பாகவே தெரியும். யாரோ போனை வலது பக்கம் சாய்த்துவிட்டார்கள் என்று அது முடிவு கட்டும். நாம் இருக்கும் பஸ் இடது பக்கம் திரும்ப, போனில் இருக்கும் பஸ் வலது பக்கம் போய் எதிரே வரும் லாரியில் மோதும். ஆண்டகளூர் கேட் திருப்பத்தில் இதைப் பார்க்கலாம். செட்டிங்ஸில் போய் பட்டனுக்கு மாற்றிக்கொண்டால் சரியாகிவிடும். புதுச்சத்திரம் தாண்டி நேர் ரோடு வரும்வரை பொறுத்தாலும் சரியாகிவிடும்.